அண்ணா, என் மேல் கேஸ் போடு

என் வீட்டுக்காரருக்கு நீதிமன்ற வட்டாரத்தில் செருப்பு வக்கீல் என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை, அவர் முதுகு திரும்பினால் போதும். குறுக்கு விசாரணையில் அவர் கேட்கும் முதல் கேள்விதான் அந்தப் பெயருக்குக் காரணம். கடையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், லிஃப்ட் கதவில் விரல் நசுங்கியவர், மாடியிலிருந்து விழுந்த விளம்பரப் பலகையால் மண்டை உடைந்தவர் என்று கூண்டில் யார் ஏறினாலும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அன்னைக்கு நீங்க என்ன செருப்பு போட்டிருந்தீங்க?" என்பார். தலையில் விழுந்த பலகைக்கும் காலில் கிடந்த செருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அடிபட்டவர் யோசித்து முடிப்பதற்குள், இது கவனமில்லாத ஆள் என்று நீதிபதிக்குத் தோன்றிவிடும்.

எங்களுக்குச் சோறு போடுவது ஒரு காப்பீட்டுக் கம்பெனி. கடைக்காரர்களும் வீட்டுச் சொந்தக்காரர்களும் அதில் பாலிசி எடுத்திருப்பார்கள். அவர்கள் இடத்தில் யாராவது விழுந்து அடிபட்டு, தவறு சொந்தக்காரருடையது என்று முடிவானால் கம்பெனி நஷ்ட ஈடு தர வேண்டும். தவறு விழுந்தவருடையது என்று முடிவானால் தர வேண்டாம். அப்படி முடிவாக வைப்பதுதான் இவருடைய வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறார். இவர் வாதத்தை நம்பினால் உலகத்தில் ஈரத் தரை, உடைந்த படி, கழன்ற ஆணி என்று எதுவுமே கிடையாது. பராக்குப் பார்த்துக்கொண்டு நடக்கிற ஜனங்கள் மட்டும்தான் உண்டு.

தொழில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டார். கேட்டால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் என் காலை நன்றாக மிதித்துவிட்டு, உன் கால் அங்கே என்ன செய்கிறது என்று கேட்டார். வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அப்போது எனக்கு விவரம் போதாது.

கீழ்த்தளத்தில் அவருடைய அலுவலகம், மாடியில் வீடு. கட்டடம் என் பெயரில் இருக்கிறது. பாசத்தால் எழுதி வைக்கவில்லை. நாளைக்குத் தன் மேல் யாராவது வழக்குப் போட்டால் வீடு தப்ப வேண்டும் என்ற முன்ஜாக்கிரதை.

அலுவலகத்துக்கு ஏற முன்பக்கம் மூன்றே மூன்று படிகள். அந்த மூன்றுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காமலிருக்கச் சொரசொரப்பான பட்டை, ஓரங்களில் மஞ்சள் பெயின்ட், பட்டப்பகலிலும் எரிகிற ஒரு விளக்கு. லேசாகத் தூறல் போட்டால் குமாஸ்தா ஓடிப்போய் மிதியடியை மாற்றிப் போடுவார். வீட்டுக்கு ஏற பின்பக்கம் பதினேழு படிகள். அதற்கு ஒரே ஒரு இரும்புக் கைப்பிடி. அதை மேல் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளில் ஒன்று கழன்று விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மற்றது ஏதோ எங்கள் மேல் இரக்கப்பட்டு நின்றுகொண்டிருந்தது.

எட்டு மாதமாக நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவர் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தார். வெல்டரின் நம்பர் குமாஸ்தாவிடம் இருக்கிறது, குமாஸ்தா லீவில் இருக்கிறார், குமாஸ்தா வந்துவிட்டார் ஆனால் வெல்டர் லீவில் இருக்கிறார், இந்த வாரம் வேண்டாம், மழை விடட்டும். பொறுக்க முடியாமல் ஒரு நாள் கைப்பிடியின் மேல் முனையைத் துணி காயப்போடும் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். மாலையில் வந்து பார்த்தவர் முதல் காரியமாக அதை அவிழ்த்தார். கயிறு கட்டியிருந்தால், ஆபத்து இருப்பது வீட்டுக்காரர்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு அது சாட்சியாகிவிடுமாம். கயிறு இல்லாவிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. கைப்பிடிக்கு மட்டும்தான் தெரியும்.

நானே ஒரு வெல்டரைத் தேடிக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்துத் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். எட்டு மாதம் சொன்னவள் ஒரு நாள் செய்திருக்கலாம். அவர்தான் செய்ய வேண்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். அந்த வீம்புக்கு என் அண்ணனின் கை போனது.

என் அண்ணன் ஒரு சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கு அடுக்காக விரித்து, அட்டை வைத்துக் கோடு போட்டு, பெரிய கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பவன். மெஷினில் தைக்க ஆள் கிடைப்பார்கள். ஒரே இழுப்பில் காலர் வளைவை வெட்டுகிற கை சுலபமாகக் கிடைக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஜன்னல்களுக்குத் தைத்த திரைச்சீலைகளை இடது தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். வயதானால் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும் என்று அவனுக்கு அடிக்கடி புத்தி சொல்வது நான்தான். பதினைந்தாவது படியில் போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்தது. கைப்பிடி சாய, கூடவே அவனும் சாய்ந்து ஏழெட்டுப் படி உருண்டு திருப்பத்தில் கிடந்தான். வலது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது.

சத்தம் கேட்டுக் கீழிருந்து வக்கீல் ஓடி வந்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர்தான் தூக்கினார். அக்குளில் கை கொடுத்து மெதுவாக உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். பிறகு அவர் கண் தானாகக் கீழே போனது.

"மச்சான், என்ன செருப்பு போட்டிருக்கீங்க?"

வலியில் உதடு வெளுத்துப் போயிருந்த அண்ணன் அதற்கும் மரியாதையாகப் பதில் சொன்னான். "ரப்பர் செருப்புதான் மாப்பிள்ளை. தேஞ்சு போச்சு. தப்பு என்னோடதுதான்."

மணிக்கட்டு மூன்று துண்டாக உடைந்திருந்தது. மாவுக்கட்டு போட்ட டாக்டர், இது தற்காலிகம்தான், இரண்டு வாரத்துக்குள் பிளேட் வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். செய்யாவிட்டால் எலும்பு கோணலாகச் சேரும், சோறு பிசையலாம், சட்டைப் பித்தான் போடலாம், கத்தரிக்கோலை இறுக்கி மூட முடியாது. செய்தாலும் ஆறு மாதம் பயிற்சி. பள்ளிச் சீருடை வெட்டுகிற நேரம் அது. மூன்றாம் நாளே அவனுடைய மேசையில் கம்பெனி வேறு ஆளை நிறுத்திவிட்டது.

வக்கீல் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் செலவுக்கென்று ஒரு கவரில் பணம் போட்டு என்னிடம் கொடுத்து அனுப்பினார். கவரின் மேல் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "மனிதாபிமான அடிப்படையில் மட்டும், எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது." உலகத்தில் எந்த மாப்பிள்ளையும் மச்சானுக்கு இவ்வளவு பாசமாக எழுதியிருக்க மாட்டார். அண்ணன் அதை இடது கையில் வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு எதற்குச் சிரமம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அன்றைக்கு வீடு திரும்பும்போதுதான் எங்கள் வீட்டுப் பாலிசி ஞாபகம் வந்தது. அந்தக் கம்பெனி வக்கீல்கள் பட்டியலில் இவரைச் சேர்த்தபோது, மரியாதைக்காக அவர்களிடமே எடுத்தது. வீடு என் பெயரில் இருப்பதால் பாலிசியும் என் பெயரில். வீட்டுக்கு வந்த விருந்தாளி வீட்டுக்காரரின் அலட்சியத்தால் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் இழந்த சம்பளமும் கம்பெனி தரும் என்று அதில் தெளிவாக இருந்தது. பதினெட்டு வருடம் சாப்பாட்டு மேசையில் கேட்டே பாதிச் சட்டம் படித்தவள் நான். இரண்டே காரியம் நடக்க வேண்டும். அலட்சியம் எங்களுடையது என்று நான் சொல்ல வேண்டும். நஷ்ட ஈடு வேண்டும் என்று அண்ணன் கேட்க வேண்டும்.

மறுநாள் காலையிலேயே அவன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணா, என் மேல கேஸ் போடு" என்றேன்.

அவன் சிரித்தான். விழுந்ததில் எனக்குத்தான் மண்டையில் அடி என்பதுபோல் அண்ணியைப் பார்த்தான். நான் பாலிசியைப் பிரித்து வரி வரியாகப் படித்துக் காட்டினேன். பணம் எங்கள் பையிலிருந்து போகாது, வருடா வருடம் கட்டுவது இதற்காகத்தான், தவறே எங்களுடையதுதான் என்று தொண்டை வறளச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் தலையை ஆட்டினான்.

"தங்கச்சி வீட்டுப் படியில விழுந்துட்டு, தங்கச்சி மேலயே கேஸ் போட்டான்னு நாலு பேரு சொல்லணுமா? கோர்ட்டுல உன் பேரக் கூப்பிடுவாங்கம்மா. அதுக்கு இந்தக் கை போனாலும் பரவாயில்ல."

அடுப்படியில் அண்ணி ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். அந்த வீட்டில் புத்தியோடு பேசியது அந்தப் பாத்திரம் ஒன்றுதான்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்கு நானே போன் செய்து விபத்தைப் பதிவு செய்தேன். விஷயம் தெரிந்ததும் வக்கீல் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவருடைய கட்சிக்காரரான கம்பெனி மேல் அவருடைய பெண்டாட்டியே புகார் கொடுத்தால் அவர் எங்கே போய் நிற்பார் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். படியில் நிற்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியின் ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. சட்டப்படி அண்ணனிடமும் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பதால் அவனையும் வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின மாலை வக்கீல் என்னை உட்கார வைத்துச் சாட்சிக்குப் பயிற்சி கொடுத்தார். எதைக் கேட்டாலும் மூன்றே பதில். தெரியாது, ஞாபகம் இல்லை, அவரைக் கேளுங்கள். நல்ல மாணவி மாதிரி மூன்றையும் திருப்பிச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. மச்சான் எப்படியும் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வார், கம்பெனி ஃபைலை மூடிவிடும், உறவும் கெடாது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். கெடாத உறவு என்று அவர் சொன்னது அவருக்கும் கம்பெனிக்கும் இருப்பதை.

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். வக்கீலுக்குப் பழைய பழக்கம், வாய்க்கு வாய் சார் போடுவார். பின்படியில் ஏறி இறங்கி, சுவரில் இருந்த ஓட்டைகளைப் படம் எடுத்து, துருப்பிடித்த போல்ட்டைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டார். பிறகு முன்னறையில் உட்கார்ந்து அண்ணனிடம் கேட்க ஆரம்பித்தார். அண்ணன் ஒன்று விடாமல் ஒப்புவித்தான். செருப்பு தேய்ந்தது. தோளில் பாரம் இருந்தது. பார்த்து ஏறவில்லை. கைப்பிடியை அதிகமாக அழுத்திவிட்டான். கேட்காததையும் சேர்த்தே சொன்னான். நல்லவேளை, கைப்பிடியை உடைத்ததற்கு அவன் எங்களுக்கு என்ன தர வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. ஆய்வாளர் மகிழ்ச்சியோடு எழுதி முடித்துக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். வலது கையில் மாவுக்கட்டு, இடது கையால் எழுதிப் பழக்கமில்லை. கைரேகை போதும் என்றார் ஆய்வாளர்.

வக்கீலே எழுந்து போய் மைப்பெட்டியை எடுத்து வந்தார். அண்ணனின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, தாளில் அழுத்தினார். விரலை ஒரு துணியால் துடைத்தும் விட்டார். அப்போது அண்ணன் சொன்னான்.

"உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன் மாப்பிள்ளை. மன்னிச்சுக்குங்க."

வக்கீலின் கை நின்றுவிட்டது. எலும்பு உடைந்தவன் மன்னிப்புக் கேட்கிறான், உடைத்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த நிமிடம் என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

"வீடு என் பேர்ல இருக்கு. நான் சொல்றத எழுதிக்குங்க" என்று ஆய்வாளரிடம் சொன்னேன். போல்ட் விழுந்த மாதம், நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமைகள், கட்டிய கயிறு, அதை அவிழ்த்த விதம், கூப்பிடாமல் விட்ட வெல்டர் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் இடையில் வேண்டாம்மா, வேண்டாம்மா என்று இரண்டு முறை என் கையைப் பிடித்தான். ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு வக்கீலைப் பார்த்தார். அண்ணன் ஒன்று சொல்கிறார், தங்கை வேறு சொல்கிறார், சார் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். அந்தக் குரலிலேயே பதிலும் இருந்தது. ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஃபைல் மூடிவிடும்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

காலையில் இவர் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டீர்களா என்றார். ஆய்வாளர் இல்லை என்றார். வலிக்குச் சாப்பிடும் மாத்திரையில் தலை சுற்றும் என்று சீட்டிலேயே போட்டிருக்கிறது, அந்த நிலையில் ரேகை வாங்கலாமா என்றார். ரேகை வைத்தால் தனக்கு என்ன கிடைக்காமல் போகும் என்று அவருக்கு விளக்கிச் சொன்னீர்களா என்றார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினீர்களா என்றார். ஆய்வாளருக்கு நெற்றி வியர்த்தது. பதினெட்டு வருடமாக அந்தக் கேள்விகளைப் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்த மனிதர் அவர். முதல் முறையாக எதிரில் உட்கார்ந்து கேட்டார். கடைசியில் அவரே அந்தத் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"சார், நீங்க எங்க பக்கம்" என்றார் பரிதாபமாக.

"இந்தக் கேஸ்ல வேற வக்கீல வச்சுக்கச் சொல்லுங்க. நான் சாட்சி" என்றார் இவர். "கைப்பிடி ஆடுறது எனக்குத் தெரியும். எட்டு மாசமா தெரியும்."

அப்போதும் மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. வருமென்று நான் காத்திருக்கவும் இல்லை. அண்ணன்தான் பதறினான். மாப்பிள்ளை வேலைக்கு இதனால் கெடுதல் வரக் கூடாது, தான் எந்தக் கேஸும் போடப் போவதில்லை, கம்பெனியிலும் அப்படியே சொல்லிவிடுங்கள் என்று ஆய்வாளரிடம் கெஞ்சினான். நான் எடுத்து வந்து மேசையில் வைத்திருந்த நஷ்ட ஈட்டுப் படிவத்தை இடது கையால் தள்ளி வைத்தான். எல்லாம் சொல்லியும் என் அண்ணன் கை கோணிப் போகத்தான் போகிறது என்று எனக்குத் தோன்றியது.

ஆய்வாளர் பழக்கதோஷத்தில் தன் தாளை முடிக்கப் பார்த்தார். அதில் இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"தெரிஞ்சும் ஏன் சரி பண்ணலன்னு காரணம் எழுதணும் சார்" என்றார்.

வக்கீல் இப்போதும் வெல்டர், குமாஸ்தா, மழை என்று எட்டு மாதத்து வாய்தாக்களில் ஒன்றை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அண்ணனைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் படியில ஏறுறது எல்லாம் வீட்டு ஆளுங்கதான். அவங்க யாரும் கேஸ் போட மாட்டாங்க."

ஆய்வாளர் எழுதவில்லை. அதைவிட உண்மையான வாக்குமூலத்தை அந்த மனிதர் வாழ்நாளில் யாரிடமும் வாங்கியிருக்க மாட்டார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தில் கையைப் பிடித்துக் கொடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளை என்று சொல்லும்போதெல்லாம் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அது மெதுவாக இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

அவன் மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரலை அதில் தானே அழுத்தினான்.

"அந்த ஃபார்மக் குடும்மா" என்றான். "எந்த இடத்துல வைக்கணும்?"